ரேடியேட்டரில் ஒரு நண்டு வளை

இரண்டு இதழ்களுக்கு முன் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: 'என் பழைய டீசல் காரில் தினமும் தண்ணீர் குறைகிறது. ஊற்றிக்கொண்டே ஓட்டலாமா?' பதில் சுருக்கமாக இருந்தது: 'கூடாது. மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.' சரியான பதில்தான். ஆனால், அதைப் படித்ததும் என் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் இன்றும் வேறு நிறத்தில்தான் இருக்கிறது. அந்த வாசகரைப் போலவே நானும் இரண்டு வருஷம் ஊற்றிக்கொண்டே ஓட்டியவன். அதனால், அந்தப் பதிலில் இடம் போதாமல் விட்டுப்போனதை நான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பூதப்பாண்டி பக்கம். கொஞ்சம் வயல், அதை ஒட்டி ஏத்தன் வாழை. வீட்டில் நிற்பது அப்பா வாங்கிய 1994-ம் வருஷத்து அம்பாசிடர், 1,489 சி.சி. டீசல். அந்தக் காலத்தில் நாகர்கோவில் டாக்ஸி ஸ்டாண்டில் வரிசையாக நின்றது இந்த வண்டிதான். மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா தொழிற்சாலையில் இதன் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. 'இன்னும் எதுக்கு இதை வெச்சிருக்க?' என்று கேட்காத ஆள் இல்லை. ஆனால் கல்யாணம், பிரசவம், துஷ்டி எல்லாவற்றுக்கும் ஓடிய வண்டி. டிக்கியில் வாழைக்கன்று, பின்சீட்டில் உர மூட்டை என்று என்ன ஏற்றினாலும் முகம் சுளிக்காது. 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்து வைத்திருக்கிறோம். புது வண்டி வாங்கும் பணத்துக்கு நாங்கள் வேறு செலவு வைத்திருந்தோம்; மகளின் படிப்பு.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் வண்டியை எடுக்கும் முன் பானட்டைத் திறந்து, ரேடியேட்டரில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார். அவருக்குப் பிறகு நானும் அதையே செய்தேன். முதலில் வாரத்துக்கு ஒரு செம்பு. அப்புறம் மூன்று நாளைக்கு ஒருமுறை. அப்புறம் தினமும். கடைசியில் டிக்கியில் 5 லிட்டர் கேன் ஒன்று நிரந்தரமாக இடம் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குறைவதை நான் வண்டியின் வயசு என்று நினைத்தேன். 'கிழவனுக்குத் தாகம் ஜாஸ்தி' என்று வீட்டில் கேலிகூடச் செய்திருக்கிறேன்.

நடுவில் ஒரு டிரைவர் நண்பர் சொன்னார் என்று இரண்டு கரண்டி மஞ்சள்தூளை ரேடியேட்டரில் போட்டேன். பழைய டிரைவர்கள் பலருக்கும் தெரிந்த வைத்தியம் அது. ஒழுகும் ஓட்டையில் தூள் போய் அடைத்துக்கொள்ளும் என்பார்கள். ஒரு மாசம் ஒழுகல் நின்றதுபோலத்தான் இருந்தது. அப்புறம் மறுபடியும் தொடங்கியது. அப்போது ஹோஸின் முனையில் கட்டுக்கம்பியைச் சுற்றி, குறடால் முறுக்கிவிட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முப்பந்தல் தாண்டி

மூன்று வருஷத்துக்கு முன், ஆவணி மாசம் முதல் வாரம். மகளுக்குத் திருநெல்வேலியில் ஒரு எழுத்துத் தேர்வு. காலை 9 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி சுமார் 80 கிலோமீட்டர்தான். இருந்தாலும் 6 மணிக்கே கிளம்பினோம். அவசரத்தில் அன்றைக்குச் செம்புத் தண்ணீரை மறந்துவிட்டேன்.

தோவாளை தாண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. அந்த மாசங்களில் அங்கே காற்று மேற்கிலிருந்து கிழக்கே தள்ளும். காற்றாலைகள் அத்தனை நிற்பதும் அதனால்தான். நாங்கள் போவதும் கிழக்கே. பின்னாலிருந்து தள்ளும் காற்று வண்டிக்குச் சுகம், ரேடியேட்டருக்குக் கஷ்டம். முன்பக்கம் மோதிக் குளிரவைக்க வேண்டிய காற்று, வண்டியோடு சேர்ந்தே ஓடிவிடுகிறது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு வண்டி லேசாக ஓடுவதுபோல்தான் இருந்தது.

முப்பந்தல் தாண்டியதும் இன்ஜினில் ஒரு கட்டை சத்தம். இழுவை குறைந்தது. சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். பாதிக்குக் கீழே நின்றது. 'சூடு இல்லையே' என்று இன்னும் கொஞ்ச தூரம் மிதித்தேன். அங்கேதான் ஏமாந்தேன். முள்ளுக்குச் செய்தி அனுப்பும் சென்சார் தண்ணீருக்குள் நனைந்திருக்க வேண்டும். தண்ணீர் வற்றி அது வெறும் ஆவியில் தொங்கினால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள் கீழே இறங்கிவிடலாம். அதுவரை மேலே நின்ற முள் திடீரென்று கீழே விழுந்தால் அது நல்ல செய்தி இல்லை.

பானட் இடுக்கில் புகை வந்ததும் ஓரம் கட்டினேன். மணி 7. மகள் பக்கத்தில் வந்து நின்றாள். தேர்வு, நேரம், பஸ் கிடைக்குமா என்று எனக்குப் பதற்றம். துண்டை மடித்து ரேடியேட்டர் மூடியின்மேல் வைத்துத் திருகினேன்.

மூடி என் கையைவிட்டுப் பறந்தது. அடுத்து வந்த ஆவியும் வெந்நீரும் கையில் மட்டும்தான் பட்டது. மகள் அந்த நேரத்தில் பேக்கை எடுக்கப் பின்கதவுப் பக்கம் திரும்பியிருந்தாள். ஒரு நொடி முன்னாடி என் தோளுக்குப் பக்கத்தில்தான் அவள் முகம் இருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

தோவாளையில் பூவை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சின்ன லோடு வண்டி நின்றது. அந்த டிரைவர் தம்பி விவரமான ஆள். எங்கள் டிக்கியில் இருந்த கேனையும் தன் வண்டியில் இருந்த குடத்தையும் எடுத்து, என் கையில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான். யாரோ ஒருவர் பற்பசை தடவச் சொன்னார். 'ஒண்ணும் தடவக் கூடாது அண்ணாச்சி, தண்ணி மட்டும்தான்' என்று தடுத்துவிட்டான். அதுதான் சரி என்று மருத்துவமனையிலும் சொன்னார்கள். சூடு பட்ட இடத்தில் 20 நிமிஷம் சாதாரணத் தண்ணீர் ஓட வேண்டும். பற்பசை, மை, மஞ்சள், ஐஸ்கட்டி எதுவும் கூடாது.

அந்தத் தம்பியே மகளைக் காவல்கிணற்றில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டான். அவள் அழுதுகொண்டே போனாள். ஆனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து தேர்வை எழுதினாள்.

எனக்கு அந்த ஆவணி கையைவிட்டுப் போனது. ஓணத்துக்குத் தோதாக வளர்த்த ஏத்தன் அது. ஓணத்துக்கு முந்தின இரண்டு வாரம்தான் கேரளத்து வியாபாரிகள் போட்டி போட்டு எடுப்பார்கள். குலை வெட்டவும் சுமக்கவும் கை இல்லை. ஆள் விட்டு வெட்டி, கேட்ட விலைக்குத் தோட்டத்திலேயே கொடுத்தேன். ஒரு ஹோஸுக்கும் கிளிப்புக்கும் செலவழிக்காத சில நூறு ரூபாய், குலைகளின் விலையில் போயிற்று.

மேஸ்திரி கேட்ட கேள்வி

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், நாகர்கோவிலில் ஒரு பழைய மேஸ்திரியிடம் விட்டோம். அப்பா காலத்திலிருந்தே அம்பாசிடர் பார்ப்பவர். என் கைக்கட்டைப் பார்த்தார். கட்டுக்கம்பியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"வயல்ல தண்ணி நிக்கலைன்னா நீ என்ன செய்வடே? மடையத் தொறந்து விட்டுக்கிட்டே இருப்பியா?"

"இல்ல அண்ணாச்சி. வரப்பச் சுத்தி நடந்து பாப்பேன். நண்டு வளை இருந்தா மிதிச்சு அடைப்பேன்."

"அப்பம் இதுக்கு மட்டும் ஏன்டே மடையத் தொறந்து விட்டுக்கிட்டே இருந்த?"

பதில் சொல்ல முடியவில்லை. பேச்சிப்பாறை தண்ணீர் நம்மூருக்கு வர 1906-ல் அணை கட்டி முடித்தார்கள். கால்வாயில் வரும் தண்ணீரில் வழியில் எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்த்துச் சண்டை போடுகிற ஊர்க்காரன் நான். வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியில் போகிற தண்ணீருக்குக் கணக்குக் கேட்கவில்லை.

மேஸ்திரி அன்றைக்கு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் வேலை பார்த்தார். அவர் பார்த்த வரிசையை அப்படியே தருகிறேன். அம்பாசிடர் என்றில்லை, பழைய ஜீப், சுமோ, பொலிரோ, ஏன், டிராக்டருக்கும் ஏறக்குறைய இதே வரிசைதான். எல்லாமே இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு பார்க்க வேண்டியவை.

வெளியே போகும் தண்ணீர்

ராத்திரி வண்டியின் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிட வேண்டும். காலையில் எந்த இடத்தில் ஈரம் என்று பார்த்தால், எதற்கு நேர் கீழே சொட்டியது என்று தெரியும். நான் வீட்டில் மண்தரையில் நிறுத்தியதால் இரண்டு வருஷமும் மண் குடித்துவிட்டது. எனக்கு ஒரு சொட்டும் கண்ணில் படவில்லை.

முதலில் ஹோஸ். மேலே ஒன்று, கீழே ஒன்று. விரலால் அமுக்கினால் உறுதியாக இருக்க வேண்டும். மாவு மாதிரி கொழகொழத்தாலும், காய்ந்து வெடிப்பு விட்டிருந்தாலும், கிளிப்புக்குப் பக்கத்தில் உப்பியிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். கிளிப் இருக்கும் இடத்தில் வெள்ளை, பச்சை அல்லது துருநிறத்தில் கோடு படிந்திருந்தால் அங்கே தண்ணீர் கசிந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். என் கட்டுக்கம்பி ரப்பரை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. நான் ஒழுகலை நிறுத்தவில்லை. புது ஓட்டை போட்டிருந்தேன்.

அடுத்து வாட்டர் பம்ப். பம்பின் கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்தத் துளை வழியாகச் சொட்டும். அது பழுதைத் தெரிவிப்பதற்காகவே விட்டிருக்கும் துளை. அதை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய், பேரிங் உடைந்து, பேன் ரேடியேட்டரையே கிழித்துவிடலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு பேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பம்ப் போய்விட்டது. என் பம்பில் சொட்டும் இருந்தது, ஆட்டமும் இருந்தது.

மூன்றாவது, இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் நாணயம் மாதிரி வட்டமாகப் பதித்திருக்கும் தகட்டு மூடிகள். கோர் பிளக் என்பார்கள். வெறும் தண்ணீரிலேயே ஓட்டிய வண்டிகளில் இவை உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விடும். சூட்டில் கசியும் நீர் அங்கேயே ஆவியாகிவிடுவதால் தரையில் சொட்டாது. துருக்கறை மட்டும் கண்ணீர்க்கோடு மாதிரி இறங்கியிருக்கும். என் வண்டியில் ஒன்றில் அந்தக் கோடு இருந்தது.

நான்காவது ரேடியேட்டர். பழைய வண்டிகளில் இருப்பது செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் பற்றவைக்கலாம். புதிய வண்டிகளில் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேர்ந்து வரும். பிளாஸ்டிக் வெடித்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். என் ரேடியேட்டரைக் கழற்றி மேல்தொட்டியைத் திறந்தபோது, குழாய்களில் பாதிக்குமேல் கடுகுநிறச் சேறு. நான் போட்ட மஞ்சள்தூளும் துருவும் தண்ணீரின் உப்பும் சேர்ந்தது. ஓட்டையை அடைக்கும் தூளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. கடையில் விற்கும் ஒழுகல் அடைக்கும் மருந்துகளும் நடுவழியில் வீடு வந்து சேர உதவலாம், அதோடு சரி.

ஐந்தாவது, நாம் கவனிக்கவே கவனிக்காத மூடி. அது வெறும் மூடி இல்லை. குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் காக்கிறது. 1 பார் அழுத்தம் கூடினால் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, தண்ணீர் சீக்கிரம் கொதித்து ஓவர்புளோ குழாய் வழியாகப் போய்விடும். எங்குமே ஓட்டை இல்லாமல் தண்ணீர் குறையும். மூடியில் அதன் அழுத்த அளவு அச்சிட்டிருக்கும். அதே அளவில்தான் மாற்ற வேண்டும். 'பொருந்துதே' என்று கண்டதைப் போடக் கூடாது. என் கை வெந்ததற்கும் இந்த அழுத்தம்தான் காரணம். 100 டிகிரிக்கு மேல் சூடேறியும் கொதிக்காமல் அடங்கிக் கிடந்த தண்ணீர், மூடி திறந்த நொடியில் மொத்தமாக ஆவியாகப் பொங்கியது.

சுமோ, பொலிரோ போல ஹீட்டர் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள், முன்சீட்டுக் காலடி விரிப்பையும் தடவிப் பாருங்கள். ஹீட்டர் குழாய் கசிந்தால் ஈரம் அங்கேதான் வரும்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. சைக்கிள் பம்ப் மாதிரி, மீட்டர் வைத்த ஒரு கைப்பம்ப் மேஸ்திரியிடம் இருந்தது. ஆறிய ரேடியேட்டர் வாயில் அதை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றடித்து, கால் மணி நேரம் காத்திருப்பார். முள் இறங்கினால் எங்கோ ஓட்டை. வண்டி ஓடாமலேயே, சூடில்லாமலேயே ஒழுகும் இடம் தெரிந்துவிடும். இந்தக் கருவி வைத்திருக்கும் பட்டறையாகப் பார்த்துப் போவது நல்லது.

உள்ளே போகும் தண்ணீர்

ஹோஸ், கிளிப், பம்ப், கோர் பிளக், மூடி எல்லாம் மாற்றி, ரேடியேட்டரையும் சுத்தம் செய்து கொடுத்தார். 'பத்து நாள் ஓட்டு. தினமும் மட்டம் பாத்து எழுதி வை' என்றார். கை ஆறவில்லை என்பதால் மைத்துனர் ஓட்டினார், நான் எழுதினேன். பத்தாம் நாள் பார்த்தால், சுமார் அரை லிட்டர் குறைவு. அட்டையில் ஒரு சொட்டும் இல்லை.

மேஸ்திரி முகம் மாறியது. ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தார். ரேடியேட்டர் வாயில் குமிழி வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் புதிதாக நிரப்பிய உடனே சில நிமிஷம் குமிழி வந்தால் அது உள்ளே மாட்டிய காற்று. பத்து நாள் கழித்தும் விடாமல் வந்தால், சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிக் காட்டினார். அடியில் பால் காப்பி நிறத்தில் ஒரு பூச்சு. ஆயிலில் தண்ணீர் கலந்த அடையாளம்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் போயிருந்தது. முப்பந்தல் தாண்டி நான் மிதித்த அந்தக் கொஞ்ச தூரத்தின் வேலை அது. இதன் மற்ற அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன்: இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவது, வெளியே சொட்டாமல் மட்டம் குறைவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது. டீசல் இன்ஜின் காற்றை 20 மடங்குக்கு அருகில் அமுக்குகிறது. அந்தச் சின்ன இடத்தில் தண்ணீர் நின்றால், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிலில் தண்ணீர் கலந்தால் பேரிங்குகள் போகும். அதன்பின் இன்ஜினையே பிரிக்க வேண்டியதுதான்.

ஹெட்டைக் கழற்றி, நேரான இரும்புச் சட்டத்தை அதன்மேல் குறுக்காக வைத்து, இடுக்கில் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தார். சூட்டில் வளைந்திருந்தது. லேத் பட்டறையில் கொடுத்துச் சமன்செய்து, புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, அளவு காட்டும் ஸ்பேனரால் படிப்படியாக இறுக்கினார். ஆயிலும் பில்டரும் மாற்றினோம். வெளி வேலைக்கு ஆனது 4,000 ரூபாய்க்குள். இந்த உள்வேலைக்கு 18,000. இரண்டு வருஷத்துக்கு முன் ஹோஸும் கிளிப்பும் மட்டும் மாற்றியிருந்தால் 500 ரூபாயைத் தாண்டியிருக்காது.

தண்ணீர் எது, கூலன்ட் எது

எங்கள் போர் தண்ணீரில் டீ போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு ஏறும். அதே படிவு இன்ஜினுக்குள்ளும் ஏறும். சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் தடுக்கும். கால்வாய்த் தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் மண். இரண்டும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம். கலந்தே விற்பதை வாங்கினால் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கலக்காததை வாங்கி அப்படியே ஊற்றவும் கூடாது. தண்ணீர் அளவுக்கு அது சூட்டை வாங்காது. வேறு வேறு நிறங்களை, வகைகளைக் கலக்கவும் கூடாது.

'நம்மூர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?' என்று நானும் கேட்டவன்தான். குளிர் தேசத்தில் அது உறையாமல் காக்கும். நமக்கு அது துருவைத் தடுக்கும், பம்ப் சீல் சீக்கிரம் கெடாமல் காக்கும். பாதிக்குப் பாதி கலந்தது, மூடியின் அழுத்தம் இல்லாமலேயே சுமார் 107 டிகிரி வரை கொதிக்காது. சாயம் இருப்பதால் ஒழுகும் இடமும் கண்ணில் படும்.

ஒரு எச்சரிக்கை. இது ஆடு, மாடு வளர்க்கும் நமக்கு ரொம்ப முக்கியம். பழைய கூலன்ட்டை இறக்கிய பேசினை நான் பட்டறை ஓரத்தில் வைக்கப் போனேன். மேஸ்திரி சத்தம் போட்டார். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாய், பூனை, ஆடு நக்கிவிடும், குழந்தையும் குடித்துவிடலாம். முதலில் போதை ஏறியதுபோலத் தள்ளாடும். பிறகு சிறுநீரகம் போய்விடும். உயிருக்கே ஆபத்து. ஒரு வாய் குடித்தது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கோ கால்நடை மருத்துவரிடமோ ஓட வேண்டும். கால்வாயிலும் கிணற்றங்கரையிலும் கொட்டக் கூடாது. மூடி போட்ட கேனில் பிடித்து, குழந்தை கைக்கு எட்டாமல் வைத்து, பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு

ஒரு வாரம் தினமும் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தைப் பார்த்து, எவ்வளவு ஊற்றினீர்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதுங்கள். ராத்திரி அடியில் அட்டை விரியுங்கள். ஹோஸ், கிளிப், பம்புத் துளை, கோர் பிளக், மூடி என்று வரிசையாகப் பாருங்கள். ஆயில் மூடியின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. எழுதிய தாளோடு மெக்கானிக்கிடம் போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தாலோ, சொட்டே இல்லாமல் மட்டம் குறைந்தாலோ ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்; ஆளை வரவழையுங்கள்.

வழியில் கொதித்தால் உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். மூடியைத் தொடாதீர்கள். அரை மணிக்கு மேல் ஆகட்டும். மேல் ஹோஸைத் தொட்டால் கை சுடாத அளவுக்கு ஆறட்டும். அதன்பின் துணி வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, பாதி திருகி ஆவி போகவிட்டு, பிறகு திறங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடித்துவிடலாம். ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அவசரம் என்றால் ஆளை வேறு வண்டியில் அனுப்புங்கள். நான் அன்றைக்கு மூடியைத் தொடாமல் கையைக் காட்டி வண்டியை நிறுத்தியிருந்தால்கூட மகள் அதே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள்.

டிராக்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். கதிரடித்த பிறகு ரேடியேட்டர் வலையில் தூசியும் பதரும் அப்பியிருக்கும். தண்ணீர் சரியாக இருந்தாலும் காற்று போகாது. ஆறிய பிறகு, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, வேகம் குறைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

எங்கள் அம்பாசிடர் இன்றும் ஓடுகிறது. மேஸ்திரி ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை பாட்டில் வைத்து, அதற்கேற்ற மூடியும் போட்டுத் தந்தார். தினசரி மூடியைத் திறக்காமலேயே மட்டம் தெரிகிறது. பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருப்பது மகள்தான். இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். லீவுக்கு வரும்போது முதலில் பானட்டைத் திறந்து கோட்டைப் பார்க்கிறாள், அப்புறம்தான் வீட்டுக்குள் வருகிறாள். போன மாசம் வந்தபோது கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. 'அப்பா, ஊத்தவா?' என்று கேட்கவில்லை. 'அப்பா, அட்டை எங்க?' என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் அட்டையில் ஒரு சொட்டு. மேல் ஹோஸின் கிளிப் லேசாகத் தளர்ந்திருந்தது. திருப்புளியால் ஒரு சுற்று இறுக்கினேன்.